"உண்மையைத்தானே சார் போட்டோம்?" நட்சத்திரச் செய்தியும் அந்தரங்க உரிமையும்: கேள்வி பதில்

சினிமா நிருபர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள், புகைப்படக்காரர்கள், நட்சத்திரங்களின் பிஆர்ஓக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஊடக வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார். பேச்சு முழுக்க இந்தியச் சட்டம் பற்றியது.

நான் எழுதியது வரிக்கு வரி உண்மை, ஆதாரமும் கையில் இருக்கிறது. ஆனாலும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. உண்மைக்கு எப்படி சார் நோட்டீஸ்? (சினிமா நிருபர்)

நோட்டீஸை எடுத்து, எதன் பேரில் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவதூறு என்றால் ஒரு கதை, அந்தரங்கம் என்றால் வேறு கதை. நம் ஆட்கள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள்.

நஷ்டஈடு கேட்கும் சிவில் அவதூறு வழக்கில், எழுதியது உண்மை என்று நிரூபித்தால் போதும். கிரிமினல் அவதூறில், அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356-இல், அது மட்டும் போதாது. வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். தண்டனை 2 வருடம் வரை போகலாம். சமூக சேவை செய்யச் சொல்லவும் இப்போது இடம் இருக்கிறது.

அந்தரங்க வழக்கில் உண்மை உங்களுக்குக் கைகொடுக்காது. ஒருவருடைய நோய், கர்ப்பம், படுக்கையறை பற்றி நீங்கள் எழுதியது உண்மையாக இருப்பதுதான் அங்கே புகாரே. நீதிபதி கேட்பது வேறு: இது ஏற்கெனவே பொது ஆவணத்தில் இருந்ததா? அவரே இதை மேடைக்குக் கொண்டுவந்தாரா? அவருடைய பொதுவாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? இந்த நான்குக்கும் பதில் எழுதி வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். "ஆதாரம் இருக்கு" என்று மட்டும் போனால் பாதி வழக்கைத்தான் கையில் கொண்டு போகிறீர்கள்.

எல்லோரும் நக்கீரன் வழக்கு, நக்கீரன் வழக்கு என்கிறார்கள். அது நடிகர்களைப் பற்றியதே இல்லையே, ஐயா? (சட்டக் கல்லூரி மாணவர்)

இல்லைதான் தம்பி. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் தொடராக வெளியிடப் போனது. அதில் சில அதிகாரிகளின் பெயர் அடிபடும் என்ற நிலையில் 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து ஆசிரியருக்குக் கடிதம் வந்தது, வெளியிடக் கூடாது என்று. ஆசிரியர் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. அதே ஆண்டு அக்டோபர் 7-இல் தீர்ப்பு. இன்றைக்கும் நட்சத்திர வழக்கு எதை எடுத்தாலும் இரு தரப்பும் மேற்கோள் காட்டுவது இதைத்தான்.

அது சொன்னதைச் சுருக்கினால்: ஒருவருடைய வீடு, திருமணம், குடும்பம், குழந்தைப்பேறு, கல்வி போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, எழுதுவது உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ. நீதிமன்றப் பதிவு உட்படப் பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் மட்டும் அதற்கு விலக்கு. அரசு அதிகாரியின் பணி பற்றி எழுதினால், உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதியதாக அவர் நிரூபித்தால் ஒழிய நஷ்டஈடு கிடையாது. அரசே முன்கூட்டித் தடுக்கவும் முடியாது.

பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. அதிகாரிகளுக்குச் சொன்ன அந்த மூன்றாவது விதியில் நடிகர் வரமாட்டார். அவருக்குச் சம்மதம் கேட்கும் முதல் விதிதான். அதில் இருக்கும் ஒரே ஜன்னல், "தானே வலிய சர்ச்சைக்குள் வந்தவர்" என்பது. ஆக, பிரபலமாக இருப்பது மட்டும் உங்களுக்கு உரிமை தராது. மேடையில் மதுவிலக்கு பேசியவர் மது விளம்பரத்தில் நடித்தால் எழுதுங்கள். அவர் மனைவியின் மருத்துவ அறிக்கையை எழுத அதே காரணத்தைச் சொல்ல முடியாது.

நம்மூரில் கணக்கு குழம்புவது நடிகர் கட்சித் தலைவர் ஆகும்போது. அப்போது அவர் உடல்நிலையே அரசியல் செய்தி ஆகிவிடுகிறது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள் ஜெயலலிதாவின் மருத்துவமனை வீடியோ வெளிவந்தது நினைவிருக்கும். தேர்தல் ஆணையம் ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னது, ஆனால் தேர்தல் சட்டத்தைக் காட்டி. அந்தரங்கத்தைக் காட்டி அல்ல.

நடுரோட்டில் நின்று எடுத்தால் யாரும் கேட்க முடியாது என்கிறார்கள். சரியா? (பத்திரிகைப் புகைப்படக்காரர்)

பாதி சரி. உங்கள் கால் எங்கே நிற்கிறது என்பதோடு உங்கள் லென்ஸ் எங்கே போகிறது என்பதையும் பார்ப்பார்கள். விமான நிலைய வாசல், பட பூஜை, ஜிம்மை விட்டு வெளியே வரும் பாதை இங்கெல்லாம் எடுப்பதைத் தடுக்க நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. நீள லென்ஸைப் போட்டு எதிர் மாடியிலிருந்து வீட்டு ஹாலுக்குள் எடுத்தால் நிலைமை மாறும். 2023 பிப்ரவரியில் இந்தி நடிகை ஆலியா பட் வீட்டில் இதுதான் நடந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தால், பக்கத்துக் கட்டட மாடியில் கேமராவோடு இரண்டு பேர். இன்ஸ்டாகிராமில் மும்பை போலீஸை டேக் செய்து எழுதினார்.

அதற்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று தேடினால் சட்டத்தில் இருக்கும் ஓட்டை தெரியும். மறைந்திருந்து பார்ப்பதைத் தண்டிக்கும் நியாய சன்ஹிதா பிரிவு 77, உடை மாற்றுவது, கழிப்பறை போன்ற தனிச் செயல்களுக்குத்தான். சோபாவில் உட்கார்ந்திருப்பது அதில் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ உடலின் அந்தரங்கப் பகுதியைப் படமெடுப்பது பற்றியது. பின்தொடர்தலுக்கான நியாய சன்ஹிதா 78 தனிப்பட்ட உறவு தேடித் துரத்துபவரை நினைத்து எழுதியது. ஆக மிஞ்சுவது சிவில் வழக்கும், மாடிக்கு அனுமதியில்லாமல் ஏறியிருந்தால் அத்துமீறலும். போலீஸ் உடனே பிடிக்க மாட்டார்கள் என்பதால் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. படத்தை வாங்கிப் போடும் பத்திரிகையும் உங்களோடு சேர்ந்து பிரதிவாதி ஆகும். பிறகு பில் பாஸ் ஆகாது, அதையும் சேர்த்து யோசியுங்கள்.

நடிகர் பிள்ளைகள் வீடியோவுக்கு நல்ல வியூஸ் வருது அண்ணா. ஏர்போர்ட்ல எடுத்ததுதான், போடலாமா? (யூடியூப் சேனல்)

தம்பி, குழந்தை எந்தச் சர்ச்சைக்குள்ளும் வலிய வரவில்லை. மேலே சொன்ன அந்த ஒரே ஜன்னல் இங்கே மூடியிருக்கிறது. 2023 ஏப்ரலில் ஐஸ்வர்யா ராயின் மகள் ஆராத்யா பச்சன் வழக்கில், 11 வயதுச் சிறுமிக்கு உடம்பு மோசம், இறந்தேவிட்டாள் என்று போட்ட வீடியோக்களை டெல்லி உயர் நீதிமன்றம் இறக்கச் சொன்னது. பதிவேற்றியவர்களின் விவரத்தையும் கூகுள் தர வேண்டும் என்றது. நட்சத்திரத்தின் பிள்ளையானாலும் சாதாரண வீட்டுப் பிள்ளையானாலும் மரியாதை ஒன்றுதான் என்று நீதிபதி சொன்னார். சேனல் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பதுதான் உங்களுக்கான செய்தி.

தம்ப்நெயிலில் கேள்விக்குறி போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் கட்டுக்கதை. "பிரிந்துவிட்டார்களா?" என்று சிவப்பு எழுத்தில் கேட்டு, உள்ளே 8 நிமிடம் பழைய பேட்டியை ஓட்டினாலும், பார்ப்பவன் என்ன நினைத்துக்கொண்டு போவான் என்பதை வைத்துத்தான் எடை போடுவார்கள்.

நட்சத்திரத் தம்பதியின் விவாகரத்து மனு நகல் வாட்ஸாப்பில் வந்தது. நீதிமன்ற ஆவணம் பொது ஆவணம்தானே? (உதவி ஆசிரியர்)

இதில்தான் நல்ல டெஸ்க்குகளே சறுக்குகின்றன. இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 22 இந்த நடவடிக்கைகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. அவை தொடர்பாக எதையும் அச்சிடுவதும் வெளியிடுவதும் சட்டவிரோதம். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக்கூட நீதிமன்றத்தின் முன் அனுமதியோடுதான் வெளியிடலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பிரிவு 33-உம் இதேதான். அபராதம் வெறும் 1,000 ரூபாய் வரை என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துப் போடும் சீட்டு அதுவாகத்தான் இருக்கும்.

இருவரும் அறிக்கை விட்டிருந்தால் அறிக்கையில் உள்ளதை எழுதுங்கள். மனுவில் யார் யாரை என்ன குற்றம் சாட்டினார்கள், ஜீவனாம்சம் எவ்வளவு கேட்டார்கள் என்பதை விட்டுவிடுங்கள். மனு நகலின் படத்தைப் போடவே வேண்டாம். முகவரி, பிள்ளைகளின் பெயர், வங்கி விவரம் எல்லாம் அதில் இருக்கும்.

பெயர் போடாமல் "மூன்றெழுத்து நடிகை" என்று எழுதினால்? (வார இதழ் நிருபர்)

படிப்பவருக்கு ஆள் தெரிந்துவிட்டால் பெயர் போட்ட மாதிரிதான். தெரியாவிட்டால் யார் உங்கள் கிசுகிசுவைப் படிக்கப் போகிறார்கள்? கமெண்டில் பத்துப் பேர் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டே எதிர்த்தரப்புக்குச் சாட்சி. அந்தக் குறிப்பு வேறு இரண்டு நடிகைகளுக்கும் பொருந்தினால் மூன்று நோட்டீஸ் வரும்.

இந்த எழுத்துக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1940-களில் 'சினிமா தூது' நடத்திய லட்சுமிகாந்தனின் பத்திரிகை உரிமத்தை ரத்து செய்யக் கோரி, தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். உரிமம் போனது. அவர் 'இந்துநேசன்' என்ற பெயரில் தொடர்ந்தார். 1944-இல் அவர் கொலையானதும், வழக்கில் தண்டனை பெற்ற அந்த இருவரும் 1947-இல் விடுதலையானதும் தெரிந்த கதை. உரிமத்தைப் பிடுங்கியது கிசுகிசுவை நிறுத்தவில்லை, பெயரை மட்டும் மாற்றியது.

எங்கள் நடிகரைப் பற்றி நாளை ஒரு நிகழ்ச்சி வருகிறதாம். இன்றே தடை வாங்க முடியுமா? (பிஆர்ஓ)

கேட்கலாம், முன்னைவிடக் கடினம். 2024 மார்ச்சில், செய்தி நிறுவனமான புளூம்பர்க்குக்கும் ஜீ டிவி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: செய்தி தீய நோக்கத்தோடு எழுதப்பட்டது அல்லது அப்பட்டமான பொய் என்று தெரிந்தால் ஒழிய, விசாரணைக்கு முன்பே, அதுவும் எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை தரக் கூடாது. அது அவதூறு வழக்கு. அதனால்தான் இப்போது மனுக்களில் "அவதூறு" குறைந்து "அந்தரங்கம்", "ஆளுமை உரிமை" (தன் பெயர், முகம், குரல் மீது ஒருவருக்கு இருக்கும் உரிமை) கூடியிருக்கிறது. என் பார்வையில் இது பின்வாசல். நீதிமன்றங்கள் சீக்கிரம் பூட்டினால் நல்லது.

எல்லாவற்றையும் தடுக்கக் கேட்காதீர்கள். 2021-இல் நடிகை ஷில்பா ஷெட்டி, கணவர் கைதானதை ஒட்டி வந்த செய்திகளுக்கு ஒட்டுமொத்தத் தடை கேட்டார். போலீஸ் வட்டாரம் சொன்னதை எழுதுவது அவதூறு ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. அவருடைய பிள்ளை வளர்ப்பை இழுத்த சில வீடியோக்கள் மட்டும் இறங்கின. குறிப்பிட்ட லிங்க், குறிப்பிட்ட நிமிடம், அதில் எந்த வாக்கியம் என்று பட்டியல் போடுங்கள். வீடியோவைப் பதிவிறக்கி, மின்னணுச் சாட்சியத்துக்கான புதிய சாட்சியச் சட்டப் பிரிவு 63 சான்றிதழோடு வையுங்கள். முன்பு 65பி என்றார்களே, அதன் புது எண். அந்தரங்கப் படமோ முகம் ஒட்டிய போலிப் படமோ என்றால் நீதிமன்றத்துக்கு முன்பே தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2026 பிப்ரவரித் திருத்தப்படி அதிகபட்சம் 2 மணி நேரத்துக்குள் (முன்பு 24 மணி நேரம்) அவர்கள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

சேனல் தரப்புக்கும் ஒரு வார்த்தை. தடை வாங்கப் போகிறார்கள் என்று வாடை அடித்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ-யின் கீழ் கேவியட், அதாவது "எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்" என்ற முன்னெச்சரிக்கை மனு, போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். உங்களைக் கேட்காமல் உத்தரவு வராது. ஆனால் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள் என்று கணிக்க வேண்டும். சென்னையில் போட்டுவிட்டு இருந்தால் உத்தரவு டெல்லியிலிருந்து வரும்.

இறந்துபோன நடிகரைப் பற்றிப் படமோ தொடரோ எடுக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமா? (உதவி இயக்குநர்)

சட்டப்படி அவசியமில்லை. ஜெயலலிதா பற்றிய படத்தை எதிர்த்து அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும், சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில் 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் சொன்னது ஒன்றுதான்: அந்தரங்க உரிமை ஆளோடு போய்விடும், வாரிசுச் சொத்து அல்ல. உயிரோடு இருக்கும் குடும்பத்தாரைக் கதாபாத்திரம் ஆக்கினால் அவர்களுக்கு அவரவர் உரிமை உண்டு. வழக்கு அங்கிருந்துதான் வரும்.

நடிகர் மனநல மருத்துவமனையில் சேர்ந்ததாகத் தகவல். உறுதியான தகவல். போடலாமா? (இணையதள ஆசிரியர்)

கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 24: அங்கே சிகிச்சை பெறுபவரின் படமோ தகவலோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்தில் வரக் கூடாது. நட்சத்திரத்துக்கு விதிவிலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை.

புது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்திரிகைகளுக்கு விலக்கு உண்டா? (செய்தி ஆசிரியர்)

இல்லை, இதுதான் கவலைக்குரிய இடம். 2018, 2019 வரைவுகளில் இதழியல் பணிக்கு விலக்கு இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் காணோம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அவரே பொதுவில் வெளியிட்ட தரவுக்குச் சட்டம் பொருந்தாது. நடிகர் இன்ஸ்டாகிராமில் போட்ட படம் அந்தக் கணக்கில் வரும், உங்கள் சோர்ஸ் அனுப்பிய ஓட்டல் பில் வராது. நட்சத்திரக் கிசுகிசுவைவிட இது அதிகம் கடிக்கப் போவது, பெயர்கள் நிறைந்த ஆவணங்களை வைத்து எழுதும் புலனாய்வுச் செய்தியை. இப்போதே செய்ய வேண்டியது: எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, ஏன் வைத்திருக்கிறோம் என்று கோப்பில் குறித்து வையுங்கள், சோர்ஸின் பெயரை மட்டும் அந்தக் கோப்பில் எழுதாதீர்கள்.

மூன்று வருடப் பழைய வீடியோவுக்கு இப்போது அவதூறு வழக்குப் போடுவோம் என்கிறார்கள். முடியுமா சார்? (சேனல் நிர்வாகி)

அவதூறுக்கு நஷ்டஈடு கேட்கும் காலவரம்பு வெளியான நாளிலிருந்து 1 வருடம். லிங்க் இன்னும் இணையத்தில் இருப்பதால் தினமும் புதுக் கணக்கு ஆரம்பிக்காது என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே வீடியோவைத் தலைப்பு மாற்றி, வெட்டி ஒட்டி மறுபடி ஏற்றியிருந்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். ஷார்ட்ஸ் போட்டிருக்கிறீர்களா என்று உங்கள் எடிட்டரிடம் கேட்டுவிட்டுப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள்.