ஆய்வேடா, பிளேஸ்மென்ட்டா? உப்புவெளித் தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். பிரதேச செயலகத்தில் மூன்று வருடம் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்துவிட்டு, இப்போது இங்கிலாந்தில் பொதுக்கொள்கை மாஸ்டர்ஸ். கடைசிப் பகுதிக்கு வழக்கமான ஆய்வேடு எழுதுவதா, இல்லை பிளேஸ்மென்ட் என்று ஒரு கவுன்சிலிலோ (உள்ளூராட்சி சபை) தொண்டு நிறுவனத்திலோ போயிருந்து அவர்களுடைய பிரச்சினை ஒன்றை எடுத்துச் செய்வதா என்று இந்தக் கிழமை சொல்ல வேண்டும். கணக்கு ஓடாது, இந்த நாட்டுச் சங்கதியும் தெரியாது, அங்கே போய் முழுசிக்கொண்டு இருக்க மாட்டேனா என்று கேட்கிறீர்கள். முழுசத்தான் செய்வீர்கள், நானும் மூன்று கிழமை முழுசினேன். ஆனாலும் பிளேஸ்மென்ட்டை எடுங்கள்.

நான் செய்தது 2014இல், லண்டனில் ஒரு கவுன்சிலில், பெயர் வேண்டாம். அதற்கு முதல் வருடம், 2013 ஏப்ரலில், வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் வரிக்கு வறிய சனத்துக்கு இருந்த பொதுவான சலுகையை நிறுத்திவிட்டு, இங்கிலாந்தில் அந்தந்தக் கவுன்சிலே தன் திட்டத்தை வகுக்கட்டும் என்று அரசாங்கம் விட்டிருந்தது. அதற்குக் கொடுத்த காசையும் 10 வீதம் குறைத்தது, ஓய்வூதிய வயதுக்காரரின் சலுகையில் கை வைக்கவும் கூடாது. அப்போ வெட்டு யார் தலையில் விழும்? அதுவரை ஒரு சதமும் கட்டாத பலருக்கு முதல் தடவையாகப் பில் போனது. நிலுவையை எப்படிக் கூடுதலாக அறவிடலாம், இதுதான் எனக்குத் தந்த கேள்வி. நானும் நினைவூட்டல் கடிதம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும், எத்தனை நாளில் எஸ்எம்எஸ் போக வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

தரவைத் தொடுவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து விழ ஐந்து கிழமை. அதுவரை சும்மா இருக்கக் கூடாதென்று முன் கவுண்டர் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினார்கள். உண்மையில் படித்தது அங்கேதான். ஒரு நாள் நம்மட அக்கா ஒருவர், துப்புரவு வேலை, சொப்பிங் பைக்குள் இருந்து ஏழு பில்லை எடுத்து மேசையில் பரப்பினார். ஒரே வீடு, ஒரே வருடம், ஏழிலும் ஏழு தொகை. அவருக்குக் கிழமைக்குக் கிழமை வேலை மணித்தியாலம் மாறும், வருமானம் மாறினால் சலுகை மாறும், சலுகை மாறினால் புதுப் பில், தவணையும் முதலில் இருந்து. "இதில எதைத் தம்பி நான் கட்டுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடிதத்தைச் சிவப்பில் அடித்தால் என்ன, பச்சையில் அடித்தால் என்ன.

வருமானத்தைப் படிகளாகப் பிரித்து, ஒரு படிக்குள் ஏறி இறங்கினால் பில்லை மாற்றாமல் விடலாம் என்று கடைசியில் எழுதினேன். 42 பக்கம். மேலாளர் முதல் பக்கத்தோடு மூடிவிட்டு, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நான் என்ன சொல்ல என்று கேட்டார். இரண்டு பக்கமாகச் சுருக்க இன்னும் பத்து நாள் போனது, அதற்குள் அந்தச் செவ்வாயும் போய்விட்டது. பிற்பாடு இங்கிலாந்தில் பல கவுன்சில்கள் இந்தப் படிமுறைக்கு மாறின (என்னால் இல்லை, நான் அந்த அளவு பெரிய ஆள் இல்லை).

லீவில் வந்திருக்கிறேன், திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு புள்ளிமான் சாப்பாடு சுற்றின லஞ்ச் சீற்றைச் சப்பிக்கொண்டு நின்றது, நீங்களும் எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள். பிரச்சினை என்னவென்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். மான் கூடிவிட்டது என்று எழுதினால் பிடித்து வேறிடம் விடத்தான் யோசனை போகும். குப்பை திறந்து கிடக்கிறது என்றால் மூடியும் லொறி வரும் நேரமும். மேய இடமில்லை என்றால் அது காணிக் கதை. பிரச்சினையை எழுதும்போதே தீர்வை அதற்குள் ஒளித்து வைக்காதே என்று, கொள்கை ஆய்வுக்கு எட்டுப் படி வகுத்த யூஜின் பார்டாக் சொல்வது இதைத்தான். அவருடைய எட்டுப் படிகளையும் விரிவுரையில் மனப்பாடம் செய்திருந்தேன், பிரச்சினையை வரையறுக்கிற முதல் படியிலேயே சறுக்கினது அந்தக் கவுண்டரில்தான் விளங்கியது.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம். வீதம், சராசரி, எக்செல், பெரும்பாலும் அவ்வளவுதான். பிரிட்டிஷ் திறைசேரி வழிகாட்டியில் வருங்காலப் பலனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வருடத்துக்கு 3.5 வீதம் கழிக்கச் சொல்வார்கள், பத்து வருடத்தில் வரும் 100 பவுண் இன்றைக்குச் சுமார் 71. கழிவுக்குச் சீட்டு எடுத்த ஊர்க்காரருக்கு இதில் என்ன புதினம்?

விசா விஷயம் மட்டும் கவனம். பிளேஸ்மென்ட் படிப்பின் பகுதியாக இருந்து அதற்குப் புள்ளியும் இருக்க வேண்டும், அப்படியென்றால் மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வேலைக்கு விடுகிற கிழமைக்கு 20 மணித்தியாலக் கணக்கில் அது சேராது. படிப்புக்கு வெளியே நீங்களாகத் தேடிப் போய் வேலை செய்வது சேரும். மாஸ்டர்ஸ்காரருக்குக் கோடைகாலமும் தவணைக் காலம்தான், விடுமுறை என்று நினைத்துக் கடையில் முழு நேரம் நின்று மாட்டிக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அப்புறம், நாடு தெரியாது என்ற கதை. 2023இல் அஸ்வெசும (அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவு) பட்டியல் வந்தபோது மேன்முறையீட்டுப் படிவத்தோடு வந்த சனத்தை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவர் நீங்கள். யாருக்குக் கொடுப்பது, எதை வைத்து அளப்பது, தகுதியான ஆள் எப்படி வெளியே விடுபடுகிறார், இங்கிலாந்திலும் அதே தலையிடிதான். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் அந்த மேசையில் இருந்திருப்பார்கள்?

சம்மதிக்க முதல் அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தரவு இப்போதே கையில் இருக்கிறதா, அறிக்கையை வாசித்து முடிவெடுக்கப் போகிறவர் யார். இரண்டாவதுக்குப் பெயர் சொல்ல முடியாமல் இழுத்தால் வேறு இடம் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை அனுமதிக்கு இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள், அதுவும் கிழமைக் கணக்கில் இழுக்கும்.

வாற ஞாயிறு திரும்புகிறேன். அம்மா ஏதும் தந்துவிடுவதென்றால் சனிக்கிழமைக்குள் உவர்மலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், பெட்டியில் இடமில்லை.