கழற்றிய ஹெல்மெட்டும் கழன்ற கதையும்

கே: 2012-இல் வந்த 'பிராமிதியஸ்' படத்தில் விஞ்ஞானிகள் வேற்றுலகில் ஹெல்மெட்டைக் கழற்றியதை ஏன் இவ்வளவு குறை சொல்கிறார்கள்? சுவாசிக்கலாம் என்று கருவியே காட்டுகிறதே?

ப: கருவி காட்டுவது காற்றில் என்ன வாயு இருக்கிறது என்பதை. கிருமி இருக்கிறதா என்பதை அல்ல. உயிரின் தோற்றத்தைத் தேடிப் போனவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? காற்றே இல்லாத நிலவுக்குப் போய்வந்த அப்பல்லோ 11 வீரர்களையே 1969-இல் தனிமைப்படுத்தினார்கள். நிலவை விட்டுக் கிளம்பியதிலிருந்து 21 நாள் கணக்கு.

எனக்கு அதைவிட உறுத்துவது உயிரியலாளர் வரும் காட்சி. செத்துக் கிடக்கும் வேற்றுலக உடலைப் பார்த்தே மிரண்டு, கப்பலுக்குக் கிளம்புகிறார். பிறகு பாம்புபோல் தலைதூக்கும் உயிருள்ள ஜந்துவைக் கண்டதும், கொஞ்சலாகப் பேசிக் கை நீட்டுகிறார். அது கையைச் சுற்றி முறித்துவிடுகிறது. பயந்தவர் எப்போது துணிந்தார் என்று காட்ட ஒரு காட்சிகூட இல்லை. கூட இருக்கும் நிலவியலாளர் கதை இன்னும் பாவம்: வரைபடம் எடுக்கும் கருவிகளைப் பறக்கவிட்டவரே வழி தெரியாமல் தவிக்கிறார்!

கே: எல்லோரும் விவரமாக நடந்துகொண்டால் திகில் எங்கிருந்து வரும்?

ப: அப்போதுதான் நிஜமான திகில் வரும். 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தையே பாருங்கள். முகத்தில் ஜந்து ஒட்டிய சகாவைத் தூக்கி வருகிறார்கள். 24 மணி நேரத் தனிமை விதியைச் சொல்லி, கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள் கப்பலில் இருக்கும் அதிகாரி ரிப்ளி. கப்பலின் அறிவியல் அதிகாரி ஆஷ் திறந்துவிடுகிறான். அந்த நேரத்தில் அது இரக்கம்போல் தெரியும். ஜந்துவைக் கொண்டுவரும்படி அவனுக்கு ரகசியக் கட்டளை இருந்தது பின்னால்தான் வெளியாகிறது. விதி மீறப்பட்டது, ஆனால் மீறியவனுக்குக் காரணம் இருந்தது.

1982-இல் வந்த 'தி திங்' படத்தில், மனிதர்போல் உருமாறி ஒளிந்திருக்கும் ஜந்து யார் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொருவரின் ரத்தத்தையும் தனித்தனித் தட்டில் எடுத்து, சூடேற்றிய கம்பியால் தொடுகிறார்கள். ஜந்துவின் ஒவ்வொரு துளியும் தனி உயிர், தன்னைக் காத்துக்கொள்ளத் துள்ளும் என்பது கணக்கு. அருமையான யோசனை, சரியாகவும் வேலை செய்கிறது. அந்தக் காட்சிதான் குலைநடுங்க வைக்கிறது.

கே: குறும்படத்துக்கு ஒரு விண்வெளித் திகில் கதை எழுதுகிறேன். என் ஆட்களும் ஹெல்மெட்டைக் கழற்றியாக வேண்டும். என்ன செய்யலாம்?

ப: கழற்றட்டும், ஆனால் வேறு வழி இல்லாமல் கழற்றட்டும். முகக் கண்ணாடியில் கீறல் விழுகிறது. ஆக்சிஜன் 6 நிமிடத்துக்குத்தான் இருக்கிறது, கப்பலுக்கு நடக்க 15 நிமிடம். இனி பார்வையாளரும் மனதுக்குள் 'கழற்று' என்பார்.

திரைக்கதையை முடித்ததும், ஒவ்வொரு தவறான முடிவுக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும், என்ன வேண்டும், எவ்வளவு அவகாசம். 'இல்லாவிட்டால் அடுத்த காட்சி நடக்காது' என்பதைத் தவிர வேறு பதில் வராவிட்டால் அந்த இடம் ஓட்டை. அதை வசனத்தால் அடைக்காதீர்கள். 'பரவாயில்லை, ஒன்றும் ஆகாது' என்று சொல்ல வைப்பது ஓட்டையை இன்னும் பெரிதாக்கும். முந்தைய காட்சிக்குப் போய்த் திருத்துங்கள். ஆளின் தொழிலையும் பாருங்கள். மருத்துவர் பதற்றத்தில் வழி தவறலாம், கையுறை போடாமல் காயத்தைத் தொடக்கூடாது.

கே: ஆபத்து நேரத்தில் ரேடியோ பழுதாவது?

ப: ஒரு முறை மன்னிக்கலாம். அதுவும் 10 பக்கம் முன்பே இரைச்சல் கேட்டிருந்தால்.