பஸ் ஊருக்குள்ள போகாது! இத்தாலி கோச் டூர் புக் பண்றதுக்கு முன்னாடி

கேள்வி: அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64, அம்மாவுக்கு முட்டி வலி வேற. செப்டம்பர் கடைசில 8 நாள் இத்தாலி கோச் டூர் பாத்து வச்சிருக்கோம். ரோம், அசிசி, சியனா, சான் ஜிமின்யானோ, பைசா, ஃப்ளாரன்ஸ், வெனிஸ். பஸ்லயே போறதால நடை கம்மியாதானே இருக்கும்?

பதில்: இல்லங்க, இந்த ஒரு நினைப்புலதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. இத்தாலில பழைய ஊர் எதை எடுத்தாலும் நடு ஊருக்குள்ள வெளி வண்டி நுழையக் கூடாதுன்னு எல்லை போட்டு கேமரா வச்சிருக்காங்க, இஸட்.டி.எல்.னு போர்டுல இருக்கும், அதனால நம்ம பஸ் ஊர் மதிலுக்கு வெளில இறக்கி விட்டுட்டு பார்க்கிங்குக்கு போயிடும், அங்கேர்ந்து எல்லாம் நம்ம காலுதான். பஸ் ஊருக்கும் ஊருக்கும் நடுவுல மட்டும்தான்.

சான் ஜிமின்யானோல தெற்கு வாசல் பக்கம் இறங்கினா, நடு சதுக்கத்துக்கு ஏத்தமாவே ஒரு தெரு போகும், 14 கோபுரம் இன்னும் நிக்கிற ஊர் அது, கல் பாவின தெரு. சியனா மூணு மேட்டு மேல இருக்கிற ஊர், சில பக்கம் எஸ்கலேட்டர் இருக்கு, உங்க பஸ் எந்தப் பக்கம் இறக்குதுன்னு கேட்டு வச்சுக்கங்க. அசிசி மலைச்சரிவுல இருக்கு, ஆனா ஒரு நல்ல விஷயம், புனித பிரான்சிஸ் பேராலயம் ஊரோட கீழ் முனையிலயே இருக்கு, 1228ல கட்ட ஆரம்பிச்சது, கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு சர்ச். அம்மா அதைப் பாத்துட்டு அங்கயே உக்காந்துக்கலாம், மேல ஊர் சதுக்கத்துக்கு நீங்களும் அப்பாவும் போயிட்டு வாங்க, ஒண்ணும் நஷ்டமில்ல. பைசா சமதரைதான், ஆனா பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கோபுரத்துக்கு பத்து பதினைஞ்சு நிமிஷ நடை. ஃப்ளாரன்ஸும் சமதரை, நடைதான் ஜாஸ்தி. வெனிஸ்ல பஸ் ட்ரோங்கெட்டோங்கிற தீவோட நின்னுடும், அப்புறம் படகு, அப்புறம் பாலம். பாலம்னா படி ஏறி படி இறங்கற பாலம், ஒண்ணு ரெண்டு இல்ல.

இப்ப ஹோட்டல். "ஃப்ளாரன்ஸ் ஏரியா"ன்னு போட்டிருந்தா உஷாராயிடுங்க, மோன்டெகட்டினில போய் படுக்க வைப்பாங்க, அது சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, சாயங்காலம் ஊர சுத்தலாம்னு நினைக்கவே முடியாது. வெனிஸுக்கு, தீவுக்கு வெளில தரைப் பக்கம் இருக்கிற மெஸ்த்ரேல ரூம் போட்டா மட்டும் உங்க விஷயத்துல நான் சரின்னுதான் சொல்வேன், பஸ் ஹோட்டல் வாசல் வரைக்கும் வரும், தீவுக்குள்ள ஹோட்டல்னா பெட்டிய பாலத்துல யாரு தூக்கறது?

ப்ரோஷர்ல வார்த்தைய நிதானமா படிங்க. "பனோரமிக் டூர்"னா பஸ் ஜன்னல், "போட்டோ ஸ்டாப்"னா இறங்கி ஒரு க்ளிக், உள்ள போறோம்னா "டிக்கெட்டோட"ன்னு தெளிவா இருக்கணும். கிழமையும் பாருங்க. ஃப்ளாரன்ஸ்ல உஃபிட்ஸி ஓவிய மியூசியம், டேவிட் சிலை இருக்கிற அகாடமியா மியூசியம் ரெண்டுமே திங்கள் லீவு, வாட்டிகன் மியூசியம் மாசக் கடைசி ஞாயிறு தவிர மத்த ஞாயிறு திறக்காது. ஃப்ளாரன்ஸ் நாள் திங்கள்ல விழுந்தா அந்த டூர் தேதிய மாத்துங்க.

கூட வர்ற டூர் மேனேஜர் எல்லா இடத்துலயும் விளக்கம் சொல்ல முடியாது, லைசென்ஸ் உள்ள உள்ளூர் கைடு வந்து சேருவாரு. இயர்போன் குடுப்பாங்களான்னு கேளுங்க, அம்மா நாலு அடி பின்னாடி மெதுவா வந்தாலும் அவர் பேசறது காதுல விழும், கூட்டத்த துரத்தி ஓட வேணாம்.

டிரைவர் விஷயத்துல நம்மாளுங்க கோவப்படறத நெறைய பாத்திருக்கேன். ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தியே ஆகணும், ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. ஷாப்பிங்ல அரை மணி லேட்டா வந்துட்டு "கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க"ன்னா நடக்காது, அடுத்த ஊர்ல நம்ம நேரம்தான் குறையும்.

ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூணு மட்டும்னா ரயில்தான் வேகம், ரோம்லேர்ந்து ஃப்ளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம்தான். ஆனா சான் ஜிமின்யானோவுக்கு ரயிலே கிடையாது, பெட்டி தூக்கற வேலையும் கோச்ல இல்ல, அதனால உங்களுக்கு கோச்சே சரி. அந்த சான் ஜிமின்யானோவும் சியனாவும் ஒரே நாள்ல இருந்தா மட்டும் அம்மாவ ஏதாவது ஒண்ணுல காபி கடைல உக்கார வச்சிடுங்க, ரெண்டு மேடு ஒரே நாள்ல வேணாம். (கடைல நின்னுட்டு குடிச்சா ஒரு ரேட், டேபிள்ல உக்காந்தா பல இடத்துல வேற ரேட். முட்டி வலிக்கு குடுக்கற காசுன்னு நினைச்சுக்கங்க.)

சைவம்னா காய்கறி சூப்னு நம்பி மினஸ்ட்ரோனே வாங்கிடாதீங்க, கறித்தண்ணி சேந்திருக்கலாம், கேட்டுட்டு சாப்பிடுங்க. ஹோட்டல்ல ஆளுக்கு, ராத்திரிக்குன்னு ஊர் வரி தனியா கேப்பாங்க, பேக்கேஜ்ல சேத்தாச்சான்னு பாத்துக்கங்க. டாய்லெட்டுக்கு சில்லறை யூரோ கையில இருக்கட்டும்.

அம்மாவுக்கு ஷூ இப்பவே வாங்கி தினமும் போட்டு நடக்கச் சொல்லுங்க, ரோம் தெருவுல பாவியிருக்கிற அந்தச் சின்னச் சின்ன கருங்கல்லுல புது ஷூவோட இறங்கினா முதல் நாளே கொப்புளம்தான்.