வால்வும் மாத்தணும், அடைப்பும் இருக்கு, முதல்ல ஸ்டென்ட் வச்சுக்கலாமா?

அம்மாவுக்கு அயோர்டிக் வால்வ் (இதயத்துலேர்ந்து உடம்புக்கு ரத்தம் போற வாசல்ல இருக்கற வால்வ்) சுருங்கிப் போய் மாத்தணும்னு சொல்லிட்டாங்க, ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்கள படம் எடுக்கற டெஸ்ட்) பண்ணா அதுல அடைப்பும் இருக்கு, முதல்ல ஸ்டென்ட் (அடைப்ப விரிச்சு வைக்கற சின்ன கம்பி வலைக்குழாய்) வச்சுட்டு வால்வ அப்புறம் பாத்துக்கலாமானு கேட்டிருக்கீங்க. எங்க அப்பாவுக்கும் இதே நிலைமைதான், 68 வயசு, பெரம்பூர் ஸ்டேஷன் படி ஏறினாலே நெஞ்ச புடிச்சுக்கிட்டு நின்னுடுவாரு. வால்வ் சுருங்கினா மட்டுமே கூட நெஞ்சு வலி வருமாம், அதனால வலிய வச்சு அடைப்பு இருக்கா இல்லையானு சொல்ல முடியாது, ஆபரேஷனுக்கு முன்னாடி ஆஞ்சியோ எடுக்கறதே அதுக்குத்தான்.

நாங்களும் ஸ்டென்டுதான் கேட்டோம், சின்ன வேலையா முடியுமேனு. சர்ஜன் பொறுமையா சொன்னாரு: ஸ்டென்ட் வச்சா ஆஸ்பிரினோட குளோபிடோக்ரெலும், ரெண்டுமே ரத்தம் உறையாம இருக்க தர்ற மாத்திரை, மாசக்கணக்கா போடணும், அத போட்டுக்கிட்டே நெஞ்ச திறந்தா ரத்தம் நிக்காது, ஆபரேஷனுக்காக சீக்கிரமே நிறுத்தினா ஸ்டென்ட்லயே ரத்தம் உறைஞ்சு அட்டாக் வரலாம். எப்படியும் நெஞ்ச திறக்கப் போறோம், அதே கையோட பைபாஸும் (அடைப்ப தாண்டி ரத்தம் போக வேற குழாய் இணைக்கறது) பண்ணிடலாம்னாரு. அப்பாவுக்கு எல்ஏடிங்கற, இதயத்தோட முன்பக்கத்துக்குப் போற ரத்தக்குழாய்ல 80 சதவீதம் அடைப்பு, அதுக்கு நெஞ்சுக்குள்ள இருக்கற தமனியயே இணைச்சாங்க, இன்னொண்ணுக்கு கால்லேர்ந்து ஒரு ரத்தக்குழாய எடுத்து வச்சாங்க. மூணாவதுல 40 சதவீதம்தான், அத தொடல. எங்களுக்கு அப்போ ஒரே பயம், ஏன் விட்டுட்டாங்கனு. ஆனா பொதுவா 70 சதவீதத்துக்கு மேல இருந்தா, இல்ல இடது மெயின் குழாய்ல 50 தாண்டினாதான் பைபாஸ், லேசான அடைப்புல போட்டா சொந்தக் குழாய்லயே ரத்தம் நல்லா ஓடறதால புதுசா போட்டது வேலை இல்லாம மூடிக்கவும் வாய்ப்பு இருக்கு.

ரெண்டையும் சேத்துப் பண்ணா ஆபரேஷன் நேரம் கூடும், ரிஸ்க்கும் கொஞ்சம் கூடும், அத மறைக்க மாட்டேன். கிட்னி, சுகர், இதயத்தோட பம்பிங் எப்படி இருக்குனு கேட்டுக்கோங்க. அம்மாவுக்கு நெஞ்ச திறக்காம தொடை வழியா வால்வ் வைக்கற டாவி சரிவரும்னா கணக்கே வேற, அங்க ஸ்டென்ட் நல்ல வழியா இருக்கலாம். அதனால ஆஞ்சியோ சிடிய வாங்கிட்டுப் போய் கார்டியாலஜிஸ்ட், சர்ஜன் ரெண்டு பேரையும் பாருங்க, ஒருத்தர் சொல்றத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

இன்னொண்ணு, வீட்டுக்கு வந்தப்புறம் அப்பாவுக்கு நெஞ்சு தையல விட ரத்தக்குழாய் எடுத்த கால்தான் படுத்துச்சு, வீங்கிடும், உக்காரும்போதெல்லாம் ஸ்டூல் மேல தூக்கி வச்சுதான் சமாளிச்சோம்.