பிபிசிக்கு அனுப்பிய புகார்: விட்டுவிடாதீர்கள்

வணக்கம். பிபிசி செய்தியில் அமைச்சரின் பேட்டி மென்மையாகவும் எதிர்க்கட்சிக்காரரின் பேட்டி விசாரணை போலவும் இருந்ததாகப் புகார் அனுப்பி, பொத்தாம்பொதுவான பதில் வந்ததில் சோர்ந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். அது முதல் படிதான். பதில் வந்து 20 வேலை நாட்களுக்குள் மறுபடி எழுதுங்கள். அப்புறமும் திருப்தி இல்லையென்றால் அங்கேயே நிர்வாகப் புகார்ப் பிரிவு இருக்கிறது. அதற்கும் மேலே, 2017 முதல், பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம்.

இந்த முறை 'சாய்வு' என்று மட்டும் எழுதாதீர்கள், அது எடுபடாது. பேனாவும் தாளுமாக உட்கார்ந்து பேட்டியை இன்னொரு தடவை பாருங்கள். யாரை எத்தனை முறை இடைமறித்தார்கள்? ஒருவர் பேசியதற்கு 'தெரிவித்தார்', மற்றவருக்கு 'குற்றம்சாட்டினார்' என்று வந்ததா? எந்தக் கேள்வி பதிலில்லாமல் நழுவ விடப்பட்டது? நிமிடக் கணக்கோடு குறித்து அனுப்புங்கள். ஆளுக்கு எவ்வளவு நேரம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். விதி கேட்பது சம நேரத்தை அல்ல, பொருளுக்குத் தகுந்த நடுநிலையை.

வேறு நிகழ்ச்சியைப் பற்றிப் புதிதாகப் புகார் கொடுப்பதானால், ஒளிபரப்பாகி 30 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள். பிபிசிக்குப் போகும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டுகிறவர் நீங்கள், தயங்காமல் கேளுங்கள்.