சூரியனுக்குப் பின்னால் ஒரு கிரகமா? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ‘நிபிரு’ என்றொரு மறைந்த கிரகம் பூமியை நெருங்குவதாகச் சொல்லும் காணொளி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இப்பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் அந்தக் காணொளியைப் பார்த்ததிலிருந்து இரவில் சரியாகத் தூங்குவதில்லை. நிபிரு என்பது உண்மையா? இந்தக் கதை எங்கிருந்து வந்தது? – வாசகி, திண்டுக்கல்

அப்படியொரு கிரகம் இல்லை, அம்மா. ஆனால் அந்தப் பெயர் உண்மையானது. பாபிலோனியரின் களிமண் பலகைகளில் நிபிரு என்ற சொல் வருகிறது. கடக்கும் இடம் என்பது அதன் பொருள். மார்துக் என்னும் அவர்களுடைய தலைமைக் கடவுளோடும், பெரும்பாலும் வியாழன் கோளோடும் தொடர்புபடுத்தி அவர்கள் அதை எழுதிவைத்தார்கள். 1976இல் செக்காரியா சிட்சின் என்ற எழுத்தாளர் தம் நூலொன்றில் அந்தப் பெயரை எடுத்து, 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனை நெருங்கும் தனிக் கோள் ஒன்று இருப்பதாகவும், அங்கிருந்து வந்தவர்களே மனிதனை உருவாக்கினார்கள் என்றும் எழுதினார். அந்தப் பலகைகளைப் படிக்கத் தெரிந்த அறிஞர்கள் எவரும் அவருடைய வாசிப்பை ஏற்கவில்லை.

உலக அழிவுக்கான தேதி பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பெண்மணி ஒருவர், வேற்றுலகத்தார் தமக்குச் செய்தி அனுப்புவதாகச் சொல்லி, 2003 மே மாதத்தில் ஒரு பெருங்கோள் பூமியைக் கடந்து பேரழிவை உண்டாக்கும் என்று அறிவித்தார். மே மாதம் வந்தது, போனது. கதையோ சாகாமல், மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்களுடைய நாள்காட்டியின் மேல் ஏறிக்கொண்டு 2012 டிசம்பர் 21க்கு நகர்ந்தது. அவர்களுடைய ‘நீண்ட கணக்கு’ என்னும் நாள்கணக்கில் 5,125 ஆண்டுகள் கொண்ட ஒரு சுற்று அன்று முடிந்தது என்பது மெய்தான்; ஆனால் தினசரி காலண்டரில் கடைசித் தாளைக் கிழித்தவர்கள் அடுத்த நாள் புதுக் காலண்டரை ஆணியில் மாட்டுவதைப் போன்ற காரியமே அது. அதன் பிறகு 2017 செப்டம்பர் 23 என்றார்கள். அதுவும் பொய்த்தபோது அக்டோபர் என்றார்கள்.

அச்சம் மட்டும் பொய்யானதில்லை. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய டேவிட் மாரிசன் என்ற விஞ்ஞானி பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதிவந்தார். 2012க்கு முந்தைய ஆண்டுகளில் நிபிருவைப் பற்றி மட்டும் அவருக்கு ஆயிரக்கணக்கான கேள்விகள் வந்தன. உயிரை விட்டுவிடலாமா என்று கேட்ட பதின்வயதினரும் அவற்றில் உண்டு. எனவே மகனைக் கேலி செய்யாதீர்கள், ‘போய்ப் படி’ என்று அதட்டவும் வேண்டாம். மேலே சொன்ன தேதிகளை ஒரு தாளில் வரிசையாக அவனையே எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கான பதிலிலுள்ள கணக்கை இருவரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

அந்தக் கிரகம் சூரியனுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால்தான் நமக்குத் தெரியவில்லை என்றும், நாசாவுக்குத் தெரிந்தும் மறைக்கிறது என்றும் சொல்கிறார்களே? – வாசகர், நாகர்கோவில்

ஒளிந்துகொள்வதற்கு நாம் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே! பூமி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்று சூரியனுக்கு நேர் பின்னால் இருக்கும் வானம் ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் நம் தலைக்கு மேல் வந்துவிடும். நீண்ட பாதையில் வரும் ஒரு கோள், நாம் நகர நகர அதுவும் நகர்ந்து எப்போதும் சூரியனுக்குப் பின்னாலேயே நிற்பதற்கு இயக்க விதிகள் இடம் தருவதில்லை. போதாக்குறைக்கு, 2006இல் ஏவப்பட்ட ஸ்டீரியோ இணை விண்கலங்கள் சூரியனின் மறுபக்கத்தையும் படம் பிடித்துக் காட்டியிருக்கின்றன.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கோள் 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுமானால், கெப்ளரின் மூன்றாம் விதிப்படி அதன் சராசரித் தொலைவு, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 235 மடங்கு இருக்க வேண்டும். (3,600ஐ அதே 3,600ஆல் பெருக்கி, அதன் கன மூலத்தைக் கண்டால் இந்த விடை வரும், கைப்பேசியிலுள்ள கால்குலேட்டரே போதும்.) அவ்வளவு தொலைவிலிருந்து சூரியனை நோக்கி விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு என்பதைச் சூரியனின் ஈர்ப்பே தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கின்படி, நெப்டியூனின் சுற்றுப்பாதையைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அது நம் பக்கம் வந்துசேரச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். சனியின் தொலைவிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். வியாழனின் தொலைவிலிருந்து ஏறத்தாழ ஒரே ஆண்டு. அடுத்த ஆண்டு மோதப்போகிறது என்று ஒருவர் சொன்னால், அந்தக் கோள் இன்று கிட்டத்தட்ட வியாழன் இருக்கும் தூரத்தில் இருந்தாக வேண்டும். பூமியின் அளவே கொண்ட கோளானாலும் அந்தத் தூரத்தில் தொலைநோக்கி இல்லாமல் வெறும் கண்ணுக்கே நட்சத்திரம்போலத் தெரியும். இரவுக்கு இரவு இடம் மாறுவதையும் பார்க்கலாம். பூமியைவிடப் பெரிது என்று அவர்கள் சொல்வதால், இன்னும் பளிச்சென்றுதான் தெரிய வேண்டும்.

நாசா மறைக்கிறது என்பதற்கும் இதே விடைதான். சீனா, ஜப்பான், ரஷ்யா, இந்தியா என்று எல்லா நாட்டிலும் வானத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, புதிய வால்நட்சத்திரம் ஒன்றுக்குத் தம் பெயர் வந்துவிடாதா என்று இரவெல்லாம் விழித்திருக்கும் அமெச்சூர்களும் ஏராளம். நம் வேலூர்ப் பக்கத்துக் காவலூர் வான் ஆய்வகத்திலிருந்து 1988இல் ராஜமோகன் கண்டுபிடித்த 4130 ராமானுஜன் என்ற குறுங்கோள், ஒரு சிறிய பாறைத்துண்டு; அதுவே கண்ணில் பட்டது.

கண்ணுக்குத் தெரியும் முன்பே ஈர்ப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யுரேனஸ் தன் பாதையில் சற்றே பிசகுவதை வைத்துப் பாரிசில் லெவெரியே என்ற வானியலாளர் காகிதத்தில் கணக்குப் போட்டார். அவர் சொன்ன இடத்தில் பெர்லினில் காலே என்ற வானியலாளர் தேடியபோது, முதல் இரவிலேயே, ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. அது 1846 செப்டம்பர் 23. உலகம் அழியும் என்று 2017இல் குறித்ததும் இதே தேதியைத்தான். குறித்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

‘பிளானட் எக்ஸ்’ என்ற கோளை விஞ்ஞானிகளே தேடினார்கள் என்றும், 1983இல் ஒரு விண்கலம் அதைக் கண்டுபிடித்ததாகச் செய்தித்தாளில் வந்தது என்றும் படித்தேன். – வாசகர், யாழ்ப்பாணம்

தேடியது உண்மை. நெப்டியூனைக் கணக்கில் சேர்த்த பிறகும் யுரேனஸின் பாதையில் சிறு பிசகு மிஞ்சியதால், அப்பாலும் ஒரு பெரிய கோள் இருப்பதாக நம்பிய அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல், அதற்கு எக்ஸ் என்று பெயரிட்டு, 1916இல் இறக்கும்வரை தேடினார். அவர் நிறுவிய ஆய்வகத்தில் 1930இல் கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டார். ஆனால் 1978இல் புளூட்டோவின் துணைக்கோள் தெரியவந்ததும் அதன் எடையை அளக்க முடிந்தது. பூமியின் எடையில் நானூறில் ஒரு பங்குகூடத் தேறாதது யுரேனஸை எப்படி அசைக்கும்? முடிச்சு வேறிடத்தில் இருந்தது. 1989இல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனை நெருங்கி அளந்தபோது, அதன் எடையைச் சுமார் அரை விழுக்காடு தவறாக வைத்திருந்தோம் என்று தெரிந்தது. மைல்ஸ் ஸ்டாண்டிஷ் என்ற வானியலாளர் புதிய எண்ணைப் போட்டு யுரேனஸின் பாதையைக் கணக்கிட்டார். பிசகு மறைந்தது, எக்ஸுக்கான தேவையும் போயிற்று.

1983இல் ஐராஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி, இன்னதென்று தெரியாத சில வெப்பப் புள்ளிகளைப் பதிவு செய்தது. அவை என்னவாகவெல்லாம் இருக்கலாம் என்று யோசித்தவர்கள் தொலைதூரக் கோளையும் ஒரு வாய்ப்பாகச் சொன்னார்கள்; நாளிதழ் அதைத் தலைப்பாக்கியது. பின்னர் ஆராய்ந்தபோது அவற்றில் ஏறக்குறைய எல்லாமே மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் என்று தெரிந்தது. தலைப்புக்குக் கிடைத்த வாசகர்கள் திருத்தத்துக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் ‘ஒன்பதாவது கோள்’ என்று இப்போதும் விஞ்ஞானிகள் பேசுவது எது? – வாசகி, கோயம்புத்தூர்

அது நிபிரு அல்ல. செட்னா போன்ற தொலைதூரச் சிறு பொருள்கள் சிலவற்றின் பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்ட கால்டெக் நிறுவனத்தின் பட்டிகினும் பிரவுனும், பூமியைப்போல் பல மடங்கு எடையுள்ள கோள் ஒன்று அவற்றை இழுத்திருக்கலாம் என்று 2016இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். சனி அளவுள்ள பொருள் எதுவும் பூமி–சூரியன் தூரத்தைப்போல் 10,000 மடங்கு தொலைவுவரை இல்லை என்று வைஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளை வைத்து அதற்கு முன்பே, 2014இல், முடிவுகட்டிவிட்டார்கள். பட்டிகினும் பிரவுனும் சொல்வதோ அதைவிடச் சிறியது. சூரியனுக்கு மிக நெருங்கும்போதும் அது நெப்டியூனைவிடப் பல மடங்கு அப்பாலேயே நின்றுவிடும். அந்தச் சாய்வே நாம் தேடிய இடங்களால் வந்த மயக்கம் என்று வாதிடுவோரும் உண்டு. சிலியிலுள்ள புதிய ரூபின் தொலைநோக்கியின் கையில் இருக்கிறது தீர்ப்பு.

ராகு, கேதுவும் இதுபோல மறைந்த கிரகங்கள்தானே? – வாசகர், கும்பகோணம்

இல்லை. நிலவின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளின் பெயர்கள் அவை. அதனால்தான் நம் முன்னோர் அவற்றை நிழல் கிரகங்கள் என்றார்கள்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் மாலையில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். சூரியனோடு இன்னொரு சிறிய உருண்டையும் தெரிகிறது. நான் எந்தச் செயலியிலும் மாற்றவில்லை. – வாசகர், காஞ்சிபுரம்

நீங்கள் மாற்றவில்லை என்பதை முழுமையாக நம்புகிறேன். படத்தில் சூரியன் மேலே இடப்பக்கம் இருக்கிறது. இளம்பச்சை உருண்டை கீழே வலப்பக்கம், பனைமரத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. தொலைவிலுள்ள கிரகமானால் மரத்துக்குப் பின்னால்தானே இருக்க வேண்டும்? ஓர் அளவுகோலை வைத்து இரண்டையும் இணைத்துப் பார்த்தேன். கோடு சரியாகப் படத்தின் நடுப்புள்ளி வழியே போகிறது, இரு பக்கமும் ஒரே தூரம். கடும் வெளிச்சம் கைப்பேசியின் கண்ணாடி வில்லைகளுக்குள் பட்டுத் திரும்புவதால் உண்டாகும் பிம்பத்தின் அடையாளம் அது.

சில நாள்களில் கேமரா இல்லாமலேயே சூரியனின் இரு பக்கமும் போலிச் சூரியன்கள் தெரிவதுண்டு. உயரத்து மெல்லிய மேகங்களிலுள்ள பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் சுமார் 22 பாகை தள்ளி அவை தோன்றும்; சூரியனையோ நிலவையோ சுற்றித் தெரியும் ஒளிவட்டமான பரிவேடத்தின் உடன்பிறப்புகள். அந்த வட்டத்தைப் பார்த்து ‘அகல் வட்டம் பகல் மழை’ என்று மழைக்குக் கணக்குப் பார்த்தவர்கள் நம் பெரியவர்கள்.

அடுத்த முறை அதே ஏரிக்கரைக்குப் போகும்போது, சூரியனை நேராகப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்தபடி கைப்பேசியை மெல்ல இடம்வலமாகத் திருப்புங்கள். உருண்டை சூரியனுக்கு எதிர்த்திசையில் ஓடும். பிறகு திரையில் சூரியன் மறையும்படி வில்லைக்கு முன்னால் கட்டைவிரலை நீட்டுங்கள். உருண்டையும் கூடவே காணாமல் போகும்.