இரண்டு டிஸ்க் தனித்தனியாகத் தெரிந்தால் ரெய்டு உடைந்துவிட்டதா?

கேள்வி: காரைக்குடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் 2 டி.பி. ஹார்டு டிஸ்க் இரண்டு இருக்கின்றன. மதர்போர்டிலேயே வரும் இன்டெல் ரெய்டு வசதியில், ஒன்றின் நகலாக இன்னொன்று இருக்கும்படி, ரெய்டு 1 போட்டுக் கொடுத்தார்கள். சி-யில் விண்டோஸ், டி-யில் கல்யாண ஆல்பங்கள். காசு கொடுத்து ஒரு இமேஜ் சாஃப்ட்வேர் வாங்கி, மூன்று மாதம் முன்பு முழு டிஸ்க்கையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் இமேஜாக, அதாவது அப்படியே ஒரு நகலாக, எடுத்து வைத்தேன். போன வாரம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் ஏறவில்லை. அந்த சாஃப்ட்வேரின் மீட்பு பென்டிரைவைப் போட்டால் டிஸ்க்கே காட்டவில்லை. சர்வீஸ்காரர் தன்னுடைய பென்டிரைவைப் போட்டார், அதில் இரண்டு டிஸ்க் தனித்தனியாகத் தெரிந்தது. "ரெய்டு உடைஞ்சிடுச்சு சார், பயாஸ்ல ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாத்தி ஒரு டிஸ்க்ல இமேஜைப் போட்டுடலாம். போட்டோவை அப்புறம் ரெக்கவரி பண்ணிக்கலாம், 25 ஆயிரம் ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் போட்டோக்கள் பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவற்றுக்கு இப்போது இருக்கும் ஒரே ஆபத்து, அவசரப்பட்டு யாராவது அந்த டிஸ்க்கில் எதையாவது எழுதிவிடுவதுதான்.

ஒரு பென்டிரைவில் ஒன்றுமே தெரியவில்லை, இன்னொன்றில் இரண்டாகத் தெரிகிறது என்பதால் பயந்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மதர்போர்டு ரெய்டு என்பது பாதி வன்பொருள், பாதி மென்பொருள். இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டும் வேலையை விண்டோஸுக்குள் உட்கார்ந்திருக்கும் இன்டெல் டிரைவர்தான் செய்கிறது. நீங்கள் இமேஜ் எடுத்தபோது விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது, டிரைவரும் இருந்தது, அதனால் சாஃப்ட்வேருக்கு ஒரே டிஸ்க் தெரிந்தது, வேலை ஒழுங்காக முடிந்தது. மீட்பு பென்டிரைவில் இருப்பது வேறொரு குட்டி விண்டோஸ். அதில் அந்த டிரைவர் இல்லை. ரெய்டு முறையில் இருக்கும் கன்ட்ரோலரோடு, அதாவது மதர்போர்டில் டிஸ்க்குகளைக் கையாளும் பகுதியோடு, அதற்குப் பேசத் தெரியாது, அதனால் ஒன்றுமே காட்டவில்லை. சர்வீஸ்காரரின் பென்டிரைவ் அநேகமாக லினக்ஸ். லினக்ஸுக்கு அந்த கன்ட்ரோலரைத் தெரியும். ஆனால் 'இவை இரண்டும் ஜோடி' என்று தனியாகச் சொல்லாவிட்டால் டிஸ்க்குகளைத் தனித்தனியாகவே காட்டும். ஆக, இரண்டாகத் தெரிந்ததை வைத்து ரெய்டு உடைந்தது என்று முடிவு கட்ட முடியாது.

உங்கள் பென்டிரைவில் ஒன்றுமே தெரியாதது ஒரு வகையில் நல்ல அடையாளம்கூட. கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் மதர்போர்டின் மென்பொருளான பயாஸ் இன்னும் ரெய்டு முறையில்தான் இருக்கிறது என்று அதிலிருந்து ஊகிக்கலாம். பயாஸ் பேட்டரி தீர்ந்தோ, பயாஸ் அப்டேட் செய்தபோதோ அமைப்பு தானாக ஏ.ஹெச்.சி.ஐ.க்கு, அதாவது ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாகக் காட்டும் சாதாரண முறைக்கு, மாறியிருந்தால், அந்தக் குட்டி விண்டோஸிலும் இரண்டு டிஸ்க் தெரிந்திருக்கும்.

இதை உறுதி செய்ய எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். பயாஸுக்குள் போய் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய போர்டாக இருந்தால் கம்ப்யூட்டர் கிளம்பும்போது கன்ட்ரோல்-ஐ அழுத்தினால் அந்தப் பக்கம் வரும். உங்கள் ரெய்டின் பெயருக்கு எதிரே 'நார்மல்' என்று இருந்தால் ஜோடி உடையவில்லை. 'டிகிரேடட்' என்று இருந்தால் ஒரு டிஸ்க் விலகியிருக்கிறது, இன்னொன்றில் எல்லாம் இருக்கிறது. செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். அதே பக்கத்தில் டிஸ்க்கை ரெய்டு அல்லாததாக மாற்றும் ஒரு வசதி இருக்கும். அதன் பக்கம் விரல் போகவே கூடாது.

அடுத்து டிரைவர். உங்கள் மதர்போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து, அந்தக் கம்பெனியின் தளத்தில் எஃப்-6 டிரைவர் என்ற பெயரில் இருப்பதை இறக்குங்கள். இன்ஸ்டால் செய்யும் பெரிய ஃபைல் இங்கே உதவாது. ஐ.என்.எஃப்., எஸ்.ஒய்.எஸ். என்று முடியும் சின்ன ஃபைல்கள் உள்ள ஃபோல்டர்தான் வேண்டும். அதை இன்னொரு பென்டிரைவில் போட்டு, மீட்பு பென்டிரைவில் கம்ப்யூட்டரை ஏற்றி, அங்கே 'டிரைவர் ஏற்று' என்ற வசதியில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். டிரைவர் பொருந்தினால் அடுத்த நொடியே சுமார் 1.8 டி.பி. அளவில் ஒரே ஒரு டிஸ்க் தெரியும். 2 டி.பி. என்று விற்கும் டிஸ்க்கை விண்டோஸ் அப்படித்தான் கணக்கிடும், பயப்பட வேண்டாம். ஒரே டிஸ்க்காகத் தெரியும்வரை இமேஜைத் திரும்பப் போடும் பட்டனை யாரும் தொடக்கூடாது.

11-ஆம் தலைமுறை இன்டெல் சிப்பில் இருந்து வி.எம்.டி. என்று புதிதாக ஒரு அடுக்கைச் சேர்த்திருக்கிறார்கள். அது இயக்கத்தில் இருந்தால் அதற்கான டிரைவரே வேண்டும், பழைய தலைமுறை டிரைவர் ஒத்துவராது. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. மதர்போர்டு பெட்டியின் மேல் ரெய்டு என்று பெரிதாக அச்சடிக்கிறார்கள். அந்த ரெய்டைத் திரும்பப் பார்க்க வைக்கும் ஒரு சின்ன ஃபோல்டரைத் தளத்தில் தேடிக் கண்டுபிடிக்க விவரம் தெரிந்தவனுக்கே அரை மணி நேரமாகிறது. இமேஜ் சாஃப்ட்வேர் கம்பெனிகளும் அப்படித்தான். ரெய்டுக்கு ஒத்துழைக்கும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். விண்டோஸ் செத்துவிட்டால் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கலாம் என்பதை அதே இடத்தில் சொல்வதில்லை. விண்டோஸ் செத்த பிறகுதானே ஜனங்களுக்கு அந்தப் பென்டிரைவ் தேவைப்படுகிறது! குளோன்ஜில்லா என்ற இமேஜ் சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைப்பது, ஆனாலும் சாஃப்ட்வேர் ரெய்டும் மதர்போர்டு ரெய்டும் இயல்பாக ஒத்துவராது என்று தங்கள் தளத்திலேயே எழுதி வைத்தார்கள். அந்த நேர்மை காசு வாங்குபவர்களிடம் இல்லை.

சர்வீஸ்காரரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடிய நார்ட்டன் கோஸ்ட் என்ற இமேஜ் சாஃப்ட்வேர் வைத்து வேலை பழகியவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த கோஸ்ட் டிஸ்க்கை பயாஸ் வழியாகவே படித்தது. பயாஸே ரெய்டை ஒரு டிஸ்க்காகக் காட்டிவிடும், அதனால் டிரைவர் தொல்லை அவ்வளவாக இல்லை. கோஸ்ட்டை 2013-இல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் அன்றைக்குப் பழகிய கை இன்னும் அதே பழக்கத்தில் போகிறது.

சரி, ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாற்றினால் என்னதான் ஆகும்? அந்த அமைப்பை மாற்றுவதால் மட்டும் பொதுவாக எதுவும் அழியாது. அடுத்த அடியில்தான் விபரீதம். ஒரு டிஸ்க்கில் மட்டும் பழைய இமேஜை எழுதுவார். ரெய்டு பற்றிய குறிப்பை இன்டெல் டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் வைக்கிறது, இமேஜ் அதைத் தொடாமலே போகலாம். பின்னால் யாராவது பயாஸை ரெய்டுக்குத் திருப்பினால், இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோல இருக்கின்றன என்றே அது நம்பும். ரெய்டு 1 படிக்கும்போது இரண்டு டிஸ்க்கில் எதிலிருந்து வேண்டுமானாலும் எடுக்கும். ஒரு துண்டு மூன்று மாதம் பழையது, அடுத்த துண்டு போன வாரத்தது என்று ஃபைல்கள் கலந்துபோகும். இப்படித்தான் ஒரு வக்கீல் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் என்னிடம் வந்தது. டிஸ்க் இரண்டும் ஆரோக்கியமாக இருந்தன, உள்ளே இருந்த வழக்குக் கோப்புகளில் பாதி திறக்கவில்லை. அதற்கு முன் அதைத் தொட்ட கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, டிஸ்க் பழுது என்று பில்லில் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த 25 ஆயிரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டோ இன்னும் போகவே இல்லை. முதலில் போக்கடிக்கும் வேலையைச் செய்துவிட்டு, பிறகு மீட்பதற்கு விலை சொல்கிறார். டேட்டா ரெக்கவரி என்று போர்டு மாட்டியவர்களில் சிலர் வெறும் இடைத்தரகர்கள். டிஸ்க்கை வாங்கி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, நடுவில் கமிஷன் பார்ப்பவர்கள். சிலர் பார்ப்பதற்கே கட்டணம் என்று ஆரம்பித்து, நீங்கள் வேண்டாம் என்றாலும் அது கட்டும்வரை டிஸ்க்கைத் தரமாட்டார்கள். ஒருவேளை உண்மையிலேயே அப்படி ஒருவரிடம் போக நேர்ந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முதலில் இரண்டு டிஸ்க்கையும் தனித்தனியாக அப்படியே நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்வீர்களா? ஆமாம் என்று உடனே சொல்கிறவரிடம் கொடுக்கலாம். 'அதெல்லாம் தேவையில்லை சார்' என்கிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். டிஸ்க்கின் வரிசை எண் ரசீதில் இருக்க வேண்டும், வேலை ஆனாலும் ஆகாவிட்டாலும் டிஸ்க் திரும்ப வரும் என்றும் எழுதியிருக்க வேண்டும். எல்லா சாஃப்ட்வேரும் அடங்கிய திருட்டு பென்டிரைவ் வைத்திருப்பவரிடமும் எச்சரிக்கை தேவை. அதில் எந்த ஊர் டிரைவர் இருக்கிறது, கூடவே என்ன வைரஸ் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு இதுதான் கைகொடுக்கும். ரெய்டு 1 ஜோடியில் உள்ள ஒரு டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அது படிக்கும். இன்டெல் முறையில் டேட்டா டிஸ்க்கின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கிறது, ரெய்டு குறிப்பு கடைசியில் இருக்கிறது, அதனால் பார்ப்பதற்கு அது சாதாரண டிஸ்க் மாதிரியே இருக்கும். ரெய்டு 0-விலும் 5-இலும் இது நடக்காது, அங்கே ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாகப் பல டிஸ்க்கில் கிடக்கும். ஆனால் படிக்கிறது என்பதற்காக விண்டோஸில் செருகிவிடாதீர்கள். செருகிய மாத்திரத்தில் விண்டோஸ் அதில் எதையாவது எழுதும். நீங்கள் ஒரு போட்டோவைக்கூடத் திறக்க வேண்டாம், அதுபாட்டுக்கு எழுதும். லினக்ஸில் 'படிக்க மட்டும்' என்ற முறையில் திறந்து, டி-யில் உள்ள ஆல்பங்களை ஒரு புதிய வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை மட்டுமே இதற்குப் பயன்படுத்துங்கள், மற்றது பீரோவில் இருக்கட்டும். எது எந்தக் கேபிளில் இருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். மலிவான யு.எஸ்.பி. பெட்டிகள் சில, டிஸ்க்கின் பகுதிகளை வேறு அளவில் கணக்கிட்டுக் காட்டி, உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி பயமுறுத்தும். ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மதர்போர்டின் சாட்டா கேபிளிலேயே நேரடியாக மாட்டிப் பாருங்கள். தவறிப்போய் அந்த டிஸ்க்கில் எதாவது எழுதப்பட்டுவிட்டால், ஒன்றும் நடக்காத மாதிரி அதைப் பழைய இடத்தில் திருப்பி மாட்டக்கூடாது. காலி டிஸ்க்காகச் சேர்த்து, மற்ற டிஸ்க்கில் இருந்து ரெய்டே அதை மறுபடி நிரப்பும்படி செய்ய வேண்டும்.

போட்டோ நகல் கைக்கு வந்த பிறகு விண்டோஸ் விஷயத்துக்கு வரலாம். உங்கள் இமேஜ் மூன்று மாதம் பழையது. முழு டிஸ்க்கையும் திரும்பப் போட்டால் இந்த மூன்று மாதத்தில் எடுத்த கல்யாணம் எல்லாம் மேலே எழுதப்பட்டுப் போய்விடும். அதனால் சி-யை மட்டும் தேர்ந்தெடுங்கள், டி-யில் டிக் இருக்கக் கூடாது. சாஃப்ட்வேர் முதலில் காட்டும்போது எல்லாவற்றிலும் டிக் போட்டே காட்டக்கூடும், நின்று பார்த்து எடுத்துவிடுங்கள். அதற்கும் முன்னால், டிரைவர் ஏற்றிய நிலையில் விண்டோஸின் சொந்த மீட்பு வசதியில் கடைசி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே கிளம்பிவிடும், இமேஜே தேவைப்படாது.

இனிமேல் ரெய்டு வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை பேக்கப் என்று சொல்லி உங்களிடம் விற்றவரை நம்பாதீர்கள். பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூவர் 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்து ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, ஒரு விலையுயர்ந்த பெரிய டிஸ்க்குக்குப் பதிலாகப் பல மலிவான டிஸ்க்குகளைச் சேர்க்கலாம், அதில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காது என்றுதான் சொன்னார்கள். தவறுதலாக அழித்த ஆல்பத்தையோ கெட்டுப்போன அப்டேட்டையோ அது காப்பாற்றாது. ஒரு டிஸ்க்கில் அழிந்தது அதே நொடியில் இன்னொன்றிலும் அழியும்.

விண்டோஸை ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிவிட்டு, ரெய்டில் போட்டோவை மட்டும் வையுங்கள். அப்போதும் பயாஸ் ரெய்டு முறையிலேயே இருக்கும் என்பதால், அதே சாட்டா கன்ட்ரோலரில் மாட்டும் எஸ்.எஸ்.டி.யைப் பார்க்கவும் டிரைவர் தேவைப்படலாம். இப்போது சரியாக வேலை செய்த டிரைவர் ஃபோல்டரை மீட்பு பென்டிரைவிலேயே சேர்த்து, மதர்போர்டு மாடல் எண்ணை எழுதி ஒட்டி, வெளி டிஸ்க்கோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். இந்த வாரமே ஒருமுறை அதில் கம்ப்யூட்டரை ஏற்றி, 1.8 டி.பி. ரெய்டு ஒரே டிஸ்க்காகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள்.